கடைசிக் காம்பராவின் ஏழாவது பாட்டு

கலாராணி தன் புருசனோடு பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு வரி. எழுதிப் பார்த்தால் இரண்டு வரி வரும். ஆனால் அவள் அதை ஒரே மூச்சில் பாடிவிடுவாள் என்பதால் ஒன்றென்றே வைத்துக்கொள்வோம்.

இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் விசயம் விளங்காது. பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஏறினால் ஒரு தேயிலைத் தோட்டம், அதில் மேட்டு லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். அந்தக் காலத்தில் இதைக் கட்டினவன் யாரோ மகா கஞ்சன். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் சுவர் எழுப்பினானே ஒழிய, அதைக் கூரையில் கொண்டுபோய் முட்டவிட அவனுக்கு மனசு வரவில்லை. மேலே ஒரு முழம் வெறும் காற்றுதான். முதல் காம்பராவில் குழந்தை தும்மினால் கடைசிக் காம்பராவிலிருந்து "நூறாயிசு" என்று குரல் வரும். அதனாலேயே மேட்டு லயத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சண்டையைச் சத்தமாகப் போடுவார்கள். எப்படியும் கேட்கத்தானே போகிறது! சமாதானத்தை மட்டும் காதோடு காதாக முடித்துக்கொள்வார்கள்.

கலாராணி அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள். நிமலன் அப்படியல்ல, பதுளை டவுன்காரன். நிஸாம் நானாவின் கடையில் போன் ரிப்பேர் பார்க்கிறான். கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றான் என்றால் அடேயப்பா, மலையே அதிர்கிற மாதிரி கத்திப் பாடுவான். வீட்டுக்குள் வந்துவிட்டால் அவன் குரல் அடுப்படி வரைக்கும் எட்டாது. அதற்கும் அந்த ஒரு முழம்தான் காரணம். கல்யாணம் முடித்து கடைசிக் காம்பராவுக்குக் குடிவந்த புதிதில் ஒருநாள், "கலா, சாம்பார்ல உப்பு கூட" என்று சாதாரணமாகச் சொன்னான். "கொஞ்சம் சுடுதண்ணி ஊத்து புள்ள, சரியாப் போயிரும்" என்று பக்கத்துக் காம்பரா அங்கம்மாக்கா சுவருக்கு மேலாலே பதில் சொன்னாள். பாவம், மனுசன் வெலவெலத்துப் போனான். அன்றையிலிருந்து வீட்டில் எதுவென்றாலும் கிசுகிசுதான்.

இந்தக் கிசுகிசு மனுசனும் கலாராணியும் சேர்ந்துதான் ஒரு ராக் ஆல்பம் போட்டார்கள்.

கலாராணி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்க்கிறவள். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலைப் பெரட்டில் பேர் கொடுக்குமுன் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தொட்டிலாட்டுவதும் பால் கரைத்துக் கொடுப்பதும் அவள் வேலை. பிள்ளைகள் அழுதால் பால்மா டின்னைத் தட்டி வேடிக்கை காட்டுவாள். ஒருநாள் அவளைக் கூட்டிப்போக வந்த நிமலன் அந்தத் தட்டலைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். "இது சும்மா தட்டுறது இல்ல கலா, இது டிரம்ஸ்" என்றான். மறுவாரமே இரண்டு நீல பீப்பாயும், தகர டின்களும், நிஸாம் நானா கொடுத்த ஒரு பழைய சிம்பலும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடக்கும், சாவி கலாராணியிடம்தான். உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களை அவள் அவிழ்ப்பதில்லை. எதிரொலியையெல்லாம் அந்தச் சேலைகள் குடித்துவிடுகின்றன என்று கண்டுபிடித்ததும் நிமலன் துள்ளிக் குதித்தான். கொழும்பு ஸ்டூடியோவில் ஆயிரம் பஞ்சு ஒட்டினாலும் இந்தச் சத்தம் வராதாம். அங்கேதான் ஆறு பாட்டையும் பதிந்தார்கள். அட்டைக்கடி பற்றி ஒன்று, வராத பஸ் பற்றி ஒன்று, கூடைக்குள் இருந்துகொண்டு கூவுகிற சேவல் பற்றி ஒன்று என்று எல்லாம் உள்ளூர்ச் சங்கதிகள். அவன் மெட்டுப் போடுவான், அவள் வரி எழுதுவாள். பாடுவது இரண்டு பேரும், கிட்டார் அவன், அடி முழுக்க அவள். ஆல்பத்துக்குப் பேர் 'கடைசிக் காம்பரா'. இதில் ஒரு கூத்து என்னவென்றால், வார நாளில் அவள் பழகின பழக்கத்தில் பிள்ளைக்காம்பராக் குழந்தைகளுக்கு ராக் அடி அடித்தால்தான் தூக்கமே வரும் என்றாகிவிட்டது. வீட்டில் தாலாட்டுப் பாடினால் முறைத்துப் பார்க்கின்றன என்று தாய்மார் புகார் சொன்னார்கள்.

தீபாவளிக்கு ஆல்பம் வந்துவிடும் என்று இரண்டு பேரும் லயத்துக்கே வாக்குக் கொடுத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது ஏழாவது பாட்டு, 'தகரம்'. அதில் மூன்று இடத்தில் கிட்டார் அடங்கி, கலாராணி மட்டும் தனியாகப் பாடுகிற வரி இது:

"தகரத்துக்கு மேல வானம் இருக்கு,
பாதி அது எனக்கு, பாதி அது உனக்கு."

அந்த வரி வந்து விழுந்த நாள் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். எழுதின அத்தனையிலும் அவளுக்கு உயிர் அந்த வரிதான். அடுப்படியிலும், பீலியடியிலும், துணி காயப்போடும்போதும் அதையே பாடிப் பாடிப் பழகினாள். சுவருக்கு மேலாலே கேட்டுக் கேட்டு லயத்துக்கே அது மனப்பாடம். கொழுந்து மலையில் தேயிலை நிரையில் நின்றபடி பெண்கள் அதைப் பாடினார்கள். வெளியாகாத பாட்டு மலையெல்லாம் சுற்றியது.

பாட்டைப் பதிந்து முடித்து, நிமலன் அதைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து வந்த அன்று சாயந்தரம், வாசலில் ஸ்பீக்கரை வைத்தார்கள். லயமே கூடிவிட்டது. கலாராணி நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு நடுவில் நின்றாள். பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தது. எல்லோரும் அவள் குரலுக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால், "ங்ஙொய்ய்ய்ங்" என்று கிட்டார் ஒன்று நீளமாக இழுத்தது. இரண்டாவது இடத்திலும் கிட்டார், மூன்றாவதிலும் கிட்டார்.

"எங்கடி உன் வரி?" என்றாள் அங்கம்மாக்கா.

கலாராணிக்கு முகம் தீயாய் எரிந்தது. திரும்பி நிமலனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கடைக்கு வந்த ஒருத்தர் கேட்டாரு கலா. அந்த இடத்துல வேகம் கொறையுதுன்னாரு. அதான்..." என்று முணுமுணுத்தான்.

"யாரு அந்த ஒருத்தரு? பாட்டுக்காரரா?"

"இல்ல... போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தவரு."

அவ்வளவுதான். பன்னிரண்டு காம்பராவும் கேட்க அவள் பொரிந்து தள்ளிவிட்டாள். எப்போதும் "நீங்க, வாங்க" என்கிறவள், அன்றைக்கு "நீ"க்கு இறங்கிவிட்டாள். "கூட உக்காந்து ஒண்ணொண்ணா கட்டுன பாட்டுடா இது! ஒரு வார்த்த என்னைக் கேட்டியா? டெம்பர் ஒட்ட வந்தவன் பேச்சு உனக்குப் பெருசாப் போச்சு, என் பேச்சு தூசியாப் போச்சு! பாதி எனக்குன்னு எழுதுன வரியையே வெட்டிட்டியே, நீ எல்லாம் ஒரு மனுசனா?"

அதற்குப் பிறகு வாயைப் பூட்டிக்கொண்டாள். பிள்ளைக்காம்பராச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். சோறு போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள், வேட்டி சட்டை துவைத்துப் போட்டாள். பேச்சு மட்டும் கிடையாது.

நிமலன் அன்றிரவே அவள் காதுக்குக் கிட்ட வந்து, "ஸாரி கலா" என்று கிசுகிசுத்தான். மறுநாள் ஒரே காம்பராவுக்குள் இருந்துகொண்டு "வெட்டுன குரல் அழிஞ்சு போச்சு, திரும்பப் பாடு கலா" என்று போனில் மெசேஜ் அனுப்பினான், அழுகிற பொம்மை முகங்களோடு. அவள் பதிலுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினாள்: "எல்லாரும் கேக்க வெட்டுனீங்க. எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. சொன்னா பாடுறேன்."

லயத்து வழக்கத்தையே தலைகீழாக்குகிற நிபந்தனை அது. சமாதானத்தைச் சத்தமாகச் செய்யச் சொன்னால் எந்த ஆம்பிளை செய்வான்? அதிலும் உப்பு கூட என்பதையே காதுக்குள் சொல்கிறவன்! நிமலன் இரண்டொரு தரம் வாயைத் திறந்து பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அங்கம்மாக்காவின் வளையல் சத்தம் கேட்டதுமே உதடு ஒட்டிக்கொண்டது.

கலாராணிக்கும் சந்தோசம் ஒன்றும் இல்லை. கோபத்துக்கு அடியில் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. இந்த ஆல்பம் இரண்டு பேருடையது என்றுதானே நம்பியிருந்தாள்? அல்லது இது அவனுடைய ஆல்பம்தானோ, தான் டின் தட்டிக் கொடுக்கிற எடுபிடிதானோ? அவன் வாய் திறந்து சொல்லாமல் இது தெரியாது. தெரியாமல் பாடவும் மாட்டாள். ஆனால் தொண்டை இருக்கிறதே, அது நன்றிகெட்ட தொண்டை. பீலியடிக்குப் போனால் அந்த வரி தானாக மேலே ஏறி வரும். பல்லைக் கடித்து விழுங்கிவிட்டுக் குடத்தைத் தூக்குவாள்.

பண்டிகைச் சாமான் வாங்க பதுளைக்குப் போனவளை நிஸாம் நானா கடைக்குள்ளிருந்து கண்டுவிட்டார். "தங்கச்சி, ஒரு நிமிசம் வாங்க. உங்கட மாப்பிளைய என்ன செஞ்சீங்க? ஒரு வேலையும் ஒழுங்காச் செய்றான் இல்ல. டெம்பர் ஒட்டக் கொடுத்தா அத்தனையும் கோணல். டெம்பர்னு சொன்னாலே அவன்ட கை நடுங்குது."

கலாராணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அந்தக் கிட்டார் சத்தத்தை எல்லாம் அவனே அழிச்சுப் போட்டான். உங்கட இடம் வெறுமையாக் கெடக்குது. அவன்ட மனசு நல்லது தங்கச்சி, வாய்தான் இல்ல."

"வாய் இருக்கு நானா. மேடையில பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, உளுந்து மாப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்த வாரம் முழுக்க மழை. தகரத்தில் மழை விழுந்தால் பேச்சே கேட்காது, பதிவு எங்கே செய்வது? தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மத்தியானம்தான் வானம் வெளுத்தது. பிள்ளைக்காம்பராச் சாவி முந்தானையில் இருந்ததால் நிமலனுக்கு வேறு போக்கிடம் இல்லை. கடைசிக் காம்பராவிலேயே லெப்டொப்பையும் மைக்கையும் எடுத்து வைத்தான். பிறகு காம்பரா காம்பராவாகப் போய்க் கைகூப்பி, "கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க" என்று கேட்டுக்கொண்டான். டீவிகள் அடங்கின. விஜயலெட்சுமி தன் சேவலைக் கூடைக்குள் கவிழ்த்து மேலே ஒரு கம்பளியும் போர்த்தினாள். மேட்டு லயம் அப்படி அமைதியாக இருந்து யாரும் கண்டதில்லை.

கலாராணி அடுப்படியில் குந்தி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காது மட்டும் அங்கேயே கிடந்தது.

கிட்டார் ஆரம்பித்தது. நிமலன் பாடினான், நன்றாகவே பாடினான். அவளுடைய இடம் வந்தது. கிட்டார் அடங்கியது. அவன் வாயை மூடிக்கொண்டு மெல்லத் தாளம் மட்டும் தட்டினான். அந்த இடத்தை அவன் எதையும் வைத்து நிரப்பவில்லை, அப்படியே விட்டுவிட்டான். அவள் கை முறுக்கு உரலிலேயே நின்றுவிட்டது. இருந்தாலும், "சொல்லட்டும்" என்று உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது தடவை அந்த இடம் வந்தபோது பக்கத்துக் காம்பராவில் அங்கம்மாக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாதமாகக் கேட்டுப் பழகின காது, காலியாக விட்டால் சும்மா இருக்குமா? "தகரத்துக்கு மேலேஏஏ" என்று எடுத்துவிட்டாள் பாருங்கள், பிள்ளைப்பேற்று வலியில் கூட யாரும் அப்படி இழுத்திருக்க மாட்டார்கள்.

கலாராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மூன்றாவது இடம் வருவதற்குள் லயத்துக்கே தைரியம் வந்துவிட்டது. இந்தப் பக்கம் அங்கம்மாக்கா, அடுத்து அவள் புருசன் அழகையா, அதற்கடுத்த காம்பராவில் விஜயலெட்சுமி என்று முதல் காம்பரா வரைக்கும் எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு சுருதி, ஆளுக்கொரு வேகம். அழகையா சந்தடி சாக்கில் "முக்கால் எனக்கு, கால் உனக்கு" என்று மாற்றிப் பாடினார். அங்கம்மாக்கா அவர் மண்டையில் எதையோ போட்ட சத்தம் நன்றாகக் கேட்டது. கூடைக்குள் சேவல் கூவியது.

கலாராணி முறுக்கு உரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வரியைக் கண் முன்னால் கொத்திக் குதறிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது எழுந்து பாடினால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் பாடிவிட்டால் அவன் சொல்லவே மாட்டான். ஆயுசு முழுக்க கிசுகிசுதான். அவள் அசையவில்லை. முறுக்கு கருகத் தொடங்கியது.

கிட்டார் டக்கென்று நின்றது.

"நிப்பாட்டுங்க" என்றான் நிமலன். யாருக்கும் கேட்கவில்லை. "நிப்பாட்டுங்க, நான் ஒண்ணு சொல்லணும்." இப்போது பக்கத்துக் காம்பராக்கள் அடங்கின.

"அது... அது கலாவோட வரி" என்றான். அவனுடைய வழக்கமான வீட்டுக் குரல்.

"கேக்கல தம்பீ!" என்று முதல் காம்பராவிலிருந்து யாரோ கத்தினார்கள்.

நிமலன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அடுத்து வந்தது மேடைக் குரல். தகரம் கிண்ணென்றது.

"அது கலாவோட வரி! அவ எழுதுனது! நான்தான் வெட்டுனேன்! டெம்பர் ஒட்ட வந்த எவனோ சொன்னான்னு வெட்டுனேன், எனக்குப் புத்தியில்ல! இந்த ஆல்பம் அவ பாதி, நான் பாதி. அவ பாடலன்னா எனக்கு ஆல்பமே வேணாம்! கலா, தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிரு!"

சேவல் கூட வாயை மூடிக்கொண்டது.

"கலா," என்றாள் அங்கம்மாக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "கேட்டுச்சா புள்ள?"

கலாராணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சந்தோசத்தில்தான். பதிலுக்கு என்னென்னவோ பேச வேண்டும் என்று நாள் கணக்காக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. மாவுக் கையோடு எழுந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

"கேட்டுச்சுக்கா. ஆனா நீங்க இழுத்த இழுப்புல வானமே கிழிஞ்சிருச்சு. எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க, நான் பாடணும்." பிறகு நிமலனைப் பார்த்து, "என்ன முழிக்கிறீங்க? அடிங்க!" என்றாள்.

அவன் அடித்தான். அவள் மைக்கை மாவுக் கையாலேயே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாடினாள். இத்தனை நாள் விழுங்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. இரண்டாம் தடவை பாடும்போது லயமும் சேர்ந்துகொண்டது, இந்த முறை அவள் சுருதிக்கு அடங்கி. அழகையா கூட "பாதி" என்றே பாடினார்.

முடிந்த பிறகுதான் நிமலன் லெப்டொப்பைப் பார்த்தான். ஆரம்பத்தில் அமுக்கின பதிவு பட்டன் அமுக்கினபடியே இருந்தது. அங்கம்மாக்காவின் இழுப்பு, அழகையாவின் முக்கால், சேவல், "கேக்கல தம்பீ", அவனுடைய மன்னிப்பு என்று அத்தனையும் உள்ளே கிடந்தது. இதற்கு மேல் நல்லதாக ஒரு தடவை பாடவே முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"முன்னால இருக்கிறத மட்டும் கொஞ்சம் வெட்டி..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வெட்டிப் பாருங்க, தெரியும்" என்றாள் கலாராணி. கையில் முறுக்குக் கம்பி இருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் 'கடைசிக் காம்பரா' வெளியானது. அட்டையில் சேலைத் தொட்டிலுக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்கிறார்கள், கீழே இரண்டு பேருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில். நிஸாம் நானா கடை வாசலில் நாள் முழுக்கப் போட்டு, ஏழாவது பாட்டு வரும்போதெல்லாம், "டெம்பர் ஒட்ட வந்தவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அறிவிப்புச் செய்தாராம்.

தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நிமலன் கட்டிலில் சாய்ந்தான். கலாராணி கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அப்போது முதல் காம்பராவில் யாரோ போனில் ஏழாவது பாட்டைப் போட்டார்கள். "நான்தான் வெட்டுனேன்!" என்று நிமலன் குரல் தூரத்தில் கத்தியது. அதைக் கேட்டு அடுத்த காம்பராவிலும் போட்டார்கள். அதற்கடுத்த காம்பராவிலும். "எனக்குப் புத்தியில்ல! எனக்குப் புத்தியில்ல! எனக்குப் புத்தியில்ல!" என்று நிமலன் காம்பரா காம்பராவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே லயத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வந்தான். கடைசியில் அங்கம்மாக்காவின் போனும் சேர்ந்துகொண்டது.

நிமலன் கம்பளியை இழுத்துத் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டான்.

கலாராணிக்குப் பாவமாக இருந்தது. கட்டிலுக்குக் கிட்டப் போய்க் குனிந்து, முதல் தடவையாக அவள் கிசுகிசுத்தாள்: "நிறுத்தச் சொல்லட்டுமாங்க?"

கம்பளி ஒரு நிமிசம் யோசித்தது. பிறகு விலகியது. நிமலன் எழுந்து உட்கார்ந்து, பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"வேணாம் கலா, ஓடட்டும்! பொய்யா சொல்லியிருக்கேன்?"

"அப்படிச் சொல்லு தம்பி!" என்றாள் அங்கம்மாக்கா, சுவருக்கு மேலாலே.